இருக்கிற பொருளை இடம் மாற்றி வைத்தால் அது கலையா?

கேள்வி | மார்ச் 2, 2024

நிறுவல் கலைஞர் (இன்ஸ்டலேஷன் ஆர்டிஸ்ட்) என்று ஒருவர் அருங்காட்சியகத்துக்குள் போகிறார். அங்கே ஏற்கெனவே இருக்கிற சாமான்களை இடம் மாற்றி வைக்கிறார். படம் வரையவில்லை, சிலை செதுக்கவில்லை. அதைப் பெரிய கலை என்கிறார்கள். வீடு மாறும்போது நாமும்தான் சாமான்களை இடம் மாற்றுகிறோம். இதில் என்ன இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு 11.10

நீங்கள் சொல்வது பிரெட் வில்சனைப் பற்றி என்று எடுத்துக்கொள்கிறேன். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தின் கட்டடத்துக்குள் அவர் அமைத்த காட்சி அது. பெயர் ‘மைனிங் தி மியூசியம்’. மைனிங் என்றால் சுரங்கம் தோண்டுவது, கண்ணிவெடி புதைப்பது. அதோடு ‘மைன்’ என்றால் ‘என்னுடையது’. மூன்று பொருளும் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன.

சங்கம் தொடங்கியது 1844-ல். பழைய குடும்பங்கள் கொடுத்த வெள்ளிப் பாத்திரம், நாற்காலி, உருவப்படம் என்று சேர்த்து வைத்திருந்தார்கள். வில்சன் பண்டக அறைக்குள் இறங்கி, பதிவேடு பதிவேடாகப் பார்த்து, என்னென்ன மேலே வரவில்லை என்று தேடினார். அவர் கறுப்பினத்தவர், நியூயார்க்கின் பிராங்க்ஸில் பிறந்தவர். இந்தக் கட்டடத்தில் நான் எங்கே இருக்கிறேன் என்பதுதான் அவருடைய தேடல்.

மார்ச் 2, இரவு 11.50

தூக்கம் வரவில்லை. அந்தக் கண்ணாடிப் பேழையைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

உள்ளே வெள்ளிக் குடங்களும் கோப்பைகளும். பால்டிமோர் வெள்ளிக்குப் பேர்போன ஊர். தகட்டைப் பின்பக்கமிருந்து தட்டித் தட்டிப் பூவும் இலையும் எழும்பச் செய்வார்கள், நம் ஆசாரிகள் நகாசு வேலை என்று சொல்வதைப் போல. அந்தப் பளபளப்புக்கு நடுவில் அடிமைகளுக்குப் பூட்டிய ஒரு ஜோடி இரும்பு விலங்கு. துருவேறிய கறுப்பு. அட்டையில் ‘உலோக வேலை, 1793–1880’ என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே ஒரு வரி விளக்கம்கூட இல்லை.

அந்த அட்டையில் பொய் ஏதும் இல்லை. வெள்ளியும் உலோகம், விலங்கும் உலோகம். இரண்டும் ஒரே சங்கத்தின் சேகரிப்பு. ஒன்று மேலே விளக்கு வெளிச்சத்தில், இன்னொன்று கீழே இருட்டில். வில்சன் செய்தது இரண்டையும் ஒரே பேழையில் வைத்ததுதான். வெள்ளிக் கோப்பையில் குடித்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகு ஒருவரும் கேட்காமல் நகர முடியாது. புகைப்படத்தில் பார்த்த எனக்கே அப்படி இருந்தது.

மார்ச் 3

வீடு மாறும் உவமையைப் பற்றி யோசித்தேன். வீடு மாறும்போது அலமாரிக்குப் பின்னால் கிடந்தது ஏதாவது வெளியே வரும், இல்லையா? தாத்தா எழுதிய கடன் பத்திரம், யாரும் பேசாத ஒரு உறவினரின் போட்டோ. அதை எடுத்துக் கூடத்தில், எல்லாரும் உட்காரும் இடத்தில் மாட்டிப் பாருங்கள். யாரும் புதிதாக ஒன்றும் செய்யவில்லைதான். ஆனால் அன்று அந்த வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிட மாட்டார்கள்.

அதே காட்சியில் ‘தச்சு வேலை, 1820–1960’ என்று ஒரு பகுதி. அழகான பழைய நாற்காலிகள் நாலைந்து, சபையில் போட்டதுபோல, ஒரே பக்கம் பார்த்து. அவை பார்ப்பது ஒரு கசையடிக் கம்பத்தை. பால்டிமோர் சிறையில் இருந்த கம்பம் அது. 1938 வரை பயன்பாட்டில் இருந்திருக்கிறது. பண்டக அறையில் அதை நல்ல மரச்சாமான்களோடு சேர்த்துத்தான் வைத்திருந்தார்கள், மரம் என்பதால். அந்த வகைப்பாட்டை வில்சன் மாற்றவில்லை. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார், அவ்வளவுதான்.

நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. பார்க்க வருகிறவர் நின்றுகொண்டிருக்கிறார். எந்த நாற்காலி தன்னுடையது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மார்ச் 5

வில்சனின் அந்தக் காட்சியில் இருந்த பீடங்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அவருக்கு அவசரத்தில் ‘எல்லாப் பீடமும் காலி’ என்று பதில் எழுதிவிட்டேன். அது தவறு. பீடங்கள் மொத்தம் ஆறு. மூன்றில் மார்பளவுச் சிலைகள் உண்டு: அமெரிக்க அரசியல்வாதி ஹென்றி கிளே, நெப்போலியன், அமெரிக்க அதிபராக இருந்த ஆண்ட்ரூ ஜாக்சன். மூவரில் ஒருவர்கூட மேரிலாந்துக்காரர் இல்லை. மற்ற மூன்று கறுப்புப் பீடங்கள்தான் காலி. அவற்றில் பெயர் மட்டும்: ஹேரியட் டப்மன், பிரெடெரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனக்கர். மூவரும் மேரிலாந்தில் பிறந்தவர்கள். டப்மனும் டக்ளஸும் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர்கள், பேனக்கர் வானியல் கணித்துப் பஞ்சாங்கம் வெளியிட்டவர். சேகரிப்பில் இவர்களுக்குச் சிலை இல்லை. இல்லாததை இல்லாததாகவே நிற்க வைத்தார்.

மார்ச் 6

“இது அதிர்ச்சி வைத்தியம், ஒரு தடவை பார்த்தால் தீர்ந்தது” என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருக்கிறார். அவருக்கு இங்கேயே பதில்.

வில்சன் மாணவராக இருந்தபோது ஒரு அருங்காட்சியகத்தில் காவலராக வேலை பார்த்தவர். நாள் முழுக்க அறைக்குள் நிற்பவரை ஒருவரும் பார்ப்பதில்லை என்பதை நின்று அறிந்தவர். 1991-ல் ‘கார்டட் வியூ’ என்ற படைப்பில் நான்கு கறுப்பு உருவப் பொம்மைகளுக்கு நியூயார்க் அருங்காட்சியகக் காவலர் சீருடை மாட்டி நிறுத்தினார். பொம்மைகளுக்குத் தலை கிடையாது. அந்தச் சமயத்தில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வழிகாட்டிகளைச் சந்தித்துப் பேசிவிட்டு, மாடியில் சந்திப்போம் என்று சொல்லி அனுப்பினார். பிறகு காவலர் உடை மாட்டிக்கொண்டு அவர்கள் வரும் அறையில் போய் நின்றார். சற்று முன்னால் அவரோடு பேசியவர்கள் அவரைத் தேடினார்கள். அவர் பக்கத்திலேயே நின்றார். யாருக்கும் தெரியவில்லை.

இது ஒரு தடவை பார்த்தால் தீர்ந்துபோகிற விஷயமா? அதைப் படித்ததிலிருந்து எந்த அருங்காட்சியகத்துக்குப் போனாலும் மூலையில் ஸ்டூலில் இருப்பவருக்கு வணக்கம் சொல்லாமல் நான் வருவதில்லை. ஒருமுறை ஒரு அம்மா, பதினோரு வருடமாக அதே அறை என்றார். எந்தச் சிலைக்கு முன்னால் பிள்ளைகள் சத்தம் குறைகிறது, எங்கே கூடுகிறது என்று அவர் எனக்குச் சொன்னார். எந்தக் காப்பாட்சியரும் எனக்கு அவ்வளவு சொன்னதில்லை.

மார்ச் 9

இதில் எனக்கு ஏன் இவ்வளவு ஈடுபாடு என்று கேட்டவருக்கு.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்தில் ஒரு சின்ன அருங்காட்சியகத்துக்குத் தமிழ் விளக்க அட்டை எழுதிக் கொடுத்தேன். எண்பதுக்கும் மேல். பொருள், எதனால் ஆனது, காலம், பயன், கொடுத்தவர். ஐந்து வரிக்குள் எழுத வேண்டும். அதில் ஒரு மரக்கால். இரும்புப் பட்டை போட்டது. ‘மரக்கால். தானியம் அளக்கப் பயன்பட்டது. 20-ஆம் நூற்றாண்டு’ என்று எழுதி, அன்பளிப்பு என்ற இடத்தில் எங்கள் தாத்தாவின் பெயரைப் போட்டேன். எங்கள் வீட்டு மரக்கால்தான் அது. நாங்கள்தான் கொடுத்தோம். பெயரைப் பார்த்து எல்லாருக்கும் பெருமை.

வில்சனின் பேழையைப் படத்தில் பார்த்த அன்று எனக்கு அந்த மரக்கால்தான் ஞாபகம் வந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் நிலக்காரர் வீடுகளில் இரண்டு மரக்கால் இருக்கும் என்று கேட்டிருக்கிறேன். குத்தகை நெல் வாங்கப் பெரியது, கூலி அளக்கச் சின்னது. இரண்டையும் ஒரே பேழையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வில்சன் செய்ததைப் போலவே பேசும் என்று தோன்றியது. சின்ன மரக்கால் எங்கே என்று தேட ஆரம்பித்திருக்கிறேன்.

மார்ச் 10

நேற்று எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

அத்தைக்குப் போன் செய்தேன். எண்பத்து நாலு வயது, களத்துமேட்டில் வளர்ந்தவர். சின்ன மரக்கால் யார் வீட்டில் இருக்கிறது அத்தை என்று கேட்டேன்.

“ரெண்டு மரக்கால்னு யாருடி சொன்னா? அது மத்த ஊர்ல இருந்திருக்கும். நம்ம வீட்ல மரக்கால் ஒண்ணுதான். கைதான் ரெண்டு” என்றார்.

புரியவில்லை என்றேன். குத்தகை நெல் வரும்போது மரக்காலுக்கு மேல் கோபுரமாகக் குவித்து அளப்பார்களாம், சரிகிற வரைக்கும். கூலி போடும்போது விளிம்போடு விளிம்பாகத் தலைதட்டி அளப்பார்களாம். அதிலும் நெல்லை மெதுவாகச் சொரிந்தால் உள்ளே அடங்காமல் இடைவெளியோடு நிற்கும். மரக்காலுக்கு ஒரு கை, இரண்டு கை. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். கலத்துக்கு எத்தனை கை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

யார் அளந்தது என்று கேட்டேன்.

“உன் தாத்தாதான். வேற யாரு?”

மார்ச் 10, இரவு

இப்போது எனக்கு வில்சனோடு ஒரு சிக்கல். அவருடைய முறைக்கு விலங்கு வேண்டும். கம்பம் வேண்டும். பண்டக அறையில் கிடக்க வேண்டும். எங்கள் வீட்டுக் கதையில் பொருள் ஒன்றுதான், அதுவும் சரியான அளவு. முத்திரை போட்ட மரக்கால். எந்தப் பரிசோதனையிலும் தேறும். தப்பு நடந்தது கையில். கை அருங்காட்சியகத்துக்கு வராது.

எதன் பக்கத்தில் எதை வைப்பது?

மார்ச் 14

நாலு நாள் யோசித்து, திரும்ப பால்டிமோருக்கே போனேன், புத்தகத்தின் வழியாக. கையைக் காட்டுவது எப்படி என்பதற்கு அவரிடமும் பதில் இருந்திருக்கிறது. நான்தான் விலங்கையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பழைய குடும்பப் படங்களில் பணக்காரப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில், ஓரத்தில், நிழலில் கறுப்புக் குழந்தைகள் நிற்பார்கள். சங்கத்தின் சேகரிப்பிலேயே 1710 வாக்கில் வரைந்த ஒரு படம் உண்டு. ஹென்றி டார்னல் என்ற செல்வந்தர் வீட்டுச் சிறுவன் வில்லோடு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஒரு கறுப்புச் சிறுவன், கழுத்தில் உலோகப் பட்டை, கையில் செத்த பறவை. அந்தக் கழுத்துப் பட்டையும் உலோக வேலைதானே என்று எனக்குப் பட்டது.

இப்படியான படங்களுக்கு முன்னால் ஆள் வந்து நின்றால் விளக்கு அந்த ஓரத்துக் குழந்தையின் மேல் மட்டும் விழும்படி வில்சன் செய்தார். ஒலிப்பதிவில் ஒரு பிள்ளைக் குரல் கேட்கும். நான் உன் சிநேகிதனா? உன் தம்பியா? உன் வளர்ப்புப் பிராணியா?

இன்னொரு படத்துக்குப் பெயரையே மாற்றினார். கிராமத்து வாழ்க்கை என்று பொதுவாகப் பெயர் கொண்ட படம். மரத்தடியில் வெள்ளைக்காரக் குடும்பம், ஓரத்தில் ஒரு கறுப்பு வேலையாள். அதற்குப் ‘பிரெடெரிக் பழம் பரிமாறுகிறான்’ என்று தலைப்பு வைத்தார். படத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. ஆனால் கண் முதலில் போவது வேறு ஆளிடம். ஒரு பழைய சொத்துப் பட்டியலையும் திறந்து வைத்தார். அதில் மாடு, கட்டில், சட்டி வரிசையில் மனிதர்களின் பெயரும் விலையும்.

அப்படியானால் அவர் முறைக்கு இன்னொரு பொருள் கட்டாயம் இல்லை. ஒரு குரல் போதும், ஒரு பெயர் போதும். மார்ச் 10-ல் எழுதியது அவசரம்.

காட்சிக்குள் நுழையும் முன் பார்வையாளர் கையில் ஒரு கேள்வித்தாளும் உண்டு. யாருக்காகச் செய்யப்பட்டது? யார் சொல்கிறார்கள்? யார் கேட்கிறார்கள்? கடைசிக் கேள்வி, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?

மார்ச் 17

பொருளே போய்விட்டால்? இது வேறொருவர் எழுப்பிய கேள்வி. நல்ல கேள்வி.

2003 ஏப்ரலில் பாக்தாதில் இராக் தேசிய அருங்காட்சியகம் கொள்ளை போனது. மைக்கேல் ரேக்கோவிட்ஸ் என்ற அமெரிக்கக் கலைஞர், அம்மா வழியில் பாக்தாத் யூதக் குடும்பம், 2007 முதல் காணாமல் போனவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்துகொண்டு வருகிறார். கல்லில் இல்லை, வெண்கலத்தில் இல்லை. மத்தியக் கிழக்கு மளிகைக் கடைகளின் பொட்டலக் காகிதமும் அரபுச் செய்தித்தாளும் கூழாக்கி ஒட்டியது. ஒவ்வொன்றுக்கும் பதிவு எண்ணும் அட்டையும் உண்டு. மூலப் பொருளைப் போலவே நடித்துக் காட்டுகிற வேலை கிடையாது. பிஸ்கட் உறையின் எழுத்து தெரியும்படியே இருக்கும்.

அதில் பெரியதை நான் நேரில் பார்த்தேன். 2019-ல் தங்கை வீட்டுக்கு லண்டன் போனபோது டிரஃபால்கர் சதுக்கத்தின் நான்காவது பீடத்தில் நின்றது. சிறகுள்ள மனிதத்தலைக் காளை, லமாசு. இராக்கின் பழைய நினிவே நகரின் நெர்கல் வாயிலில் சுமார் 2,700 வருடம் நின்ற சிலை, 2015-ல் ஐஎஸ் ஆட்கள் உடைத்தது. அதே அளவில், 10,500 பேரீச்சைப் பாகு டப்பாக்களின் தகட்டால் செய்திருந்தார். வெயில் பட்டபோது சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக, நம்மூர்த் தேர்ச்சீலை மாதிரி. தங்கை மகள், ஏழு வயது, “இது டப்பா பெரியம்மா” என்று கத்தினாள். ஆமாம், டப்பாதான். அதை ஒளிக்கவே இல்லை.

அங்கிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்கு நடந்தே போனோம். அங்கே உண்மையான அசீரியக் காளைகள் கல்லில் நிற்கின்றன, அசையாமல், பத்திரமாக. டப்பாக் காளையைப் பார்த்துவிட்டு வந்ததால் எனக்கு அவை நின்ற வாயில் எங்கே என்றுதான் தோன்றியது.

மார்ச் 18

விட்டுப்போனது. ஏன் பேரீச்சைப் பாகு என்று சொல்லவில்லையே. இராக்கின் பேரீச்சை வணிகம் போர்களில் அழிந்தது. முன்பு ரேக்கோவிட்ஸ் புரூக்ளினில் ஒரு கடையில் வாங்கிய பாகு டப்பாவில் லெபனான் தயாரிப்பு என்று அச்சடித்திருந்ததாம். ஆனால் பாகு பாக்தாதில் காய்ச்சியது. இராக் பெயர் போட்டால் எல்லை தாண்டாது என்பதால் வெளியூர்ப் பெயர். அட்டை சொல்லாததைச் சொல்வதற்கு, அட்டையால் மறைந்துபோன தகட்டையே எடுத்துக்கொண்டார். இது எனக்கு மிகவும் பிடித்தது.

மார்ச் 23

கையைப் பற்றி, பயன்பாட்டைப் பற்றி மார்ச் 10-ல் தொடங்கியதை இன்னும் தள்ளிக்கொண்டு போகிறவர் கேலா போராஸ்-கிம். கொலம்பியாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வேலை செய்யும் கலைஞர்.

மெக்சிகோவில் யுகட்டான் பக்கம் சிச்சேன் இட்சா. அங்கே ஒரு பெரிய இயற்கைக் கிணறு. மாயா மக்கள் மழைத் தெய்வம் சாக்குக்கு நேர்ந்து, தங்கமும் பச்சைக்கல்லும் கோபால் என்கிற சாம்பிராணி மாதிரிப் பிசினும் அதில் போட்டார்கள். 1904-ல் தொடங்கி எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கர் தூர்வாரி எடுத்தார். பெரும்பகுதி ஹார்வர்டின் பீபாடி மியூசியத்துக்குப் போனது. தண்ணீருக்குள் பல நூற்றாண்டு கிடந்தவை இப்போது ஈரம் அண்டாத அறையில்.

போராஸ்-கிம் அந்த மியூசியத்தின் இயக்குநருக்கு ஒரு கடிதம் எழுதினார், கடிதமும் படைப்பின் பகுதிதான். மழைக்குக் கொடுத்ததற்கு உரிமையாளர் மழைதானே என்பது அதன் சாரம். பிறகு கோபாலையும், பீபாடியின் பண்டக அறைத் தூசியையும் சேர்த்து ஒரு பாளம் வார்த்தார். அதைக் காட்சிக்கு வைக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தன் ஊர் மழைநீரை அதன்மேல் விட வேண்டும். ஈரத்தைத் துரத்துவதே வேலையாக இருக்கிற ஒரு இடத்தில், ஊழியர்களே மழை பிடித்துக்கொண்டு வருகிறார்கள்.

இதைப் படித்துச் சிலர் ‘மழை எப்படி உரிமையாளர் ஆகும்’ என்று எழுதியிருந்தார்கள். நமக்கு இது புதிதா? பத்தூர் நடராஜரை நினைத்துப் பாருங்கள். மண்ணுக்குள் இருந்து எடுத்து லண்டன் போய்ச் சேர்ந்த சிலை. கோயிலே ஒரு தரப்பாக நின்று வழக்காடலாம் என்று லண்டன் நீதிமன்றம் ஏற்று, 1991-ல் சிலை திரும்பியது. இடிந்து கிடந்த கோயில் அது. அதற்கும் உரிமை உண்டு என்று ஆங்கிலேய நீதிபதிகளே ஒப்பினார்கள். கிணற்றுக்கும் மழைக்கும் ஏன் கூடாது?

மார்ச் 24

தொடக்கத்தில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து ஒன்று கேட்டிருக்கிறார். “காட்சி முடிந்ததும் விலங்கு கீழே போயிருக்கும், கோப்பை மேலே வந்திருக்கும். அப்புறம் என்ன?”

இதற்கு என்னிடம் நிம்மதியான பதில் இல்லை. 1993-ல் காட்சி முடிந்தது. வில்சனை உள்ளே அழைத்ததும் நிறுவனம்தான், கதவைச் சாத்தும் உரிமையும் அதனிடம்தான். அதற்குப் பிறகு பல அருங்காட்சியகங்கள் கலைஞர்களைக் கூப்பிட்டு ‘எங்களைக் கேள்வி கேளுங்கள்’ என்றன. கேள்வி கேட்பது வருடத்துக்கு ஒரு விழாவாகி, நிரந்தர அட்டைகள் அப்படியே இருந்துவிடும் அபாயம் உண்டு. எனக்கு நிறுவல்மேல் இருக்கிற மதிப்பைவிட இப்போது அட்டைமேல் அக்கறை அதிகமாகிவிட்டது. விழா மூன்று மாதம். அட்டை முப்பது வருடம் தொங்கும்.

மார்ச் 30

மரக்கால் அட்டையை மாற்ற அனுமதி கேட்டேன். எழுதிக் கொடுங்கள், பார்க்கிறோம் என்றார்கள். ஐந்து வரிதான் என்றார்கள். எழுதியது இது:

மரக்கால். மரம், இரும்புப் பட்டை. 20-ஆம் நூற்றாண்டு.
குத்தகை நெல் வாங்கும்போது இதில் கோபுரமாகக் குவித்து அளந்தார்கள்.
கூலி நெல் போடும்போது இதையே தலைதட்டி அளந்தார்கள்.
அளந்தவர் குடும்பத்தின் அன்பளிப்பு.

தாத்தா பெயரை எடுக்க வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார். பெயர் இருக்கட்டும், ‘அளந்தவர்’ என்ற சொல்லும் இருக்கட்டும் என்று சொன்னேன். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “வாங்கிட்டுப் போனவங்க பேரு போடலியா?” என்றார். தெரியாதே அத்தை என்றேன். “எனக்குத் தெரியும், எழுதிக்க” என்றார். ஏழு பெயர் சொன்னார், எட்டாவது நாக்கு நுனியில் நிற்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்றார். ஐந்தாவது வரி காலியாக இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகள் ஊரிலேயே இருக்கிறார்கள். கேட்காமல் போட எனக்கு உரிமை இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.